மலைமேல் உறைந்த சர்வரைக் கம்பத்திலிருந்து எழுப்பலாமா?

கேள்வி: கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம். கணக்கும் சரக்கு இருப்பும் வண்டன்மேட்டுக் கிடங்கிலுள்ள சர்வரில் இருக்கின்றன. அது உறைந்து நின்றால், கொட்டும் மழையிலும் கம்பம்மெட்டு வழியாக ஆள் ஏறிப்போய்த்தான் மறுபடி இயக்க வேண்டியிருக்கிறது. இங்கிருந்தே செய்ய வழி உண்டா? சர்வரின் பின்புறம் தனியாக உள்ள நெட்வொர்க் போர்ட்டுக்குப் பொது ஐ.பி. முகவரி கொடுத்தால் போதும் என்கிறார் நண்பர்.
- வாசகர், கம்பம்

பதில்: வழி உண்டு, அதற்குரிய சாதனமும் உங்கள் சர்வருக்குள்ளேயே இருப்பதாகத் தெரிகிறது. அந்தத் தனிப் போர்ட், மதர்போர்டில் பொருத்தப்பட்டுள்ள பி.எம்.சி. என்னும் சிறு கணினிக்கு உரியது. தனக்கென்று செயலியும் நினைவகமும் கொண்ட அது, மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை, சர்வர் அணைந்திருந்தாலும் விண்டோஸோ லினக்ஸோ உறைந்திருந்தாலும் தன் பாட்டுக்கு இயங்கும். டெல் சர்வர்களில் இதற்கு ஐடிராக் என்றும், ஹெச்.பி.ஈ. சர்வர்களில் ஐலோ என்றும் பெயர். பிரவுசர் வழியாக உள்ளே சென்று வெப்பநிலை, விசிறியின் வேகம், பிழைப் பதிவேடு ஆகியவற்றைப் பார்க்கலாம். சர்வரை அணைத்து மீண்டும் இயக்கலாம். சர்வரின் திரையையே உங்கள் மேசைக்குக் கொண்டுவரும் வசதிக்குப் பல மாடல்களில் தனி உரிமம் வாங்க வேண்டும். எதற்கும் முதலில் பிழைப் பதிவேட்டைப் பாருங்கள். காரணம் பாராமல் அணைத்து அணைத்துப் போட்டால் கணக்குத் தரவே கெடக்கூடும்.

நண்பரின் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். பொது ஐ.பி. முகவரி கொடுத்தால் இணையத்திலுள்ள எவரும் பி.எம்.சி.யின் வாசலுக்கு வந்துவிடலாம். பி.எம்.சி.யுடன் தொலைவிலிருந்து பேசுவதற்காக 2004இல் வந்த ஐ.பி.எம்.ஐ. 2.0 நெறிமுறை, யூ.டி.பி. 623ஆம் போர்ட்டில் (இது வயர் செருகும் போர்ட் அல்ல, நெட்வொர்க்கில் ஒரு சேவையைக் குறிக்கும் எண்) சரியான பயனர் பெயரைச் சொல்லிக் கேட்கும் எவருக்கும், அவரைச் சரிபார்க்கும் முன்பே கடவுச்சொல்லின் ஹாஷ் மதிப்பை, அதாவது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீட்டைக் கொடுத்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு அவர் சாவகாசமாகக் கடவுச்சொல்லைத் தேடலாம். குறை நெறிமுறையிலேயே இருப்பதால் அப்டேட் போட்டுத் தீர்க்க இயலாது. பல தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் ஏ.எம்.ஐ. நிறுவனத்தின் மெகாராக் என்னும் பி.எம்.சி. மென்பொருளில், கடவுச்சொல்லே இல்லாமல் நுழையவிடும் ஓட்டை ஒன்றும் 2025இல் வெளியானது.

ஆகவே லேன் வழி ஐ.பி.எம்.ஐ.யை அணைத்துவிட்டு, தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை மாற்றி, வி.பி.என். என்னும் பூட்டிய தனி இணைப்பு வழியாக மட்டும் பி.எம்.சி.யை அணுகுங்கள். மலையில் சிம் கார்டு இணையம் என்றால் பெரும்பாலும் பொது முகவரி கிடைக்காது. கிடங்கு ரவுட்டர் கம்பம் அலுவலகத்தை அழைத்து இணையும்படி அமைப்பதே சரி. ரவுட்டரும் யூ.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். யூ.பி.எஸ். தீர்ந்தால் பி.எம்.சி.யும் அணைந்துவிடும் என்பதால், மின்சாரம் திரும்பியதும் சர்வர் தானே இயங்கும்படி பயாஸில் அமைத்து வையுங்கள்.

கேள்வி: சத்தியவேட்டுக் கடையில் சாதாரணக் கம்ப்யூட்டரைத்தான் சர்வராக வைத்திருக்கிறேன். ஊத்துக்கோட்டையிலிருந்து கவனிக்க வேக் ஆன் லேன் போதுமா?
- வாசகர், ஊத்துக்கோட்டை

பதில்: போதாது. அணைந்த கணினியை அது எழுப்பும். உறைந்த கணினியை ஒன்றும் செய்யாது. இன்டெல் வி-ப்ரோ உள்ள கணினி என்றால் தொலைவிலிருந்தே நிர்வகிக்க உதவும் ஏ.எம்.டி. (AMT; சிப் நிறுவனமான AMD அல்ல) வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல், ஹெச்.டி.எம்.ஐ., யூ.எஸ்.பி. இணைப்புகளில் செருகி, திரையையும் கீபோர்டையும் மவுஸையும் நெட்வொர்க் வழியாகக் கையாள உதவும் ஐ.பி. கே.வி.எம். கருவி ஒன்று வாங்கலாம். பவர் பட்டனின் வயரையும் இணைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இதற்கும் வி.பி.என். கட்டாயம்.