செக்கில் கையெழுத்துப் போடுமுன்: சிறு வணிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டிலேயே நான்கு மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பணமெல்லாம் என் சேமிப்புக் கணக்கில்தான் விழுகிறது. கரண்ட் அக்கவுண்ட் அவசியமா? அதில் வட்டியும் கிடையாதாமே?
– வாசகி, ஈரோடு

வட்டி கிடையாது, உண்மைதான். மினிமம் பேலன்ஸும் கூடுதலாகக் கேட்பார்கள். ஆனாலும் தொடங்கிவிடுங்கள் அம்மா. ஒரு கடைக்காரர் உங்கள் தையலகத்தின் பெயரில் செக் எழுதிவிட்டால், அதை உங்கள் சொந்தப் பெயரில் உள்ள கணக்கில் போட முடியாது. திரும்பவும் அந்தக் கடைக்குப் போய், "என் பேருக்கே மாற்றி எழுதிக் கொடுங்க" என்று காத்து நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், வீட்டுச் செலவும் தொழில் செலவும் ஒன்றாகக் கலந்துவிடுவது. பள்ளிக் கட்டணம் கட்டிய பிறகு மீதி இருப்பது லாபமா, துணிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியா என்று உங்களுக்கே தெரியாது.

பான், ஆதார் இவற்றோடு தொழில் நடப்பதற்கு வழக்கமாக இரண்டு சான்று கேட்பார்கள். சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்று ஒன்று. அரசின் இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி சான்றோ உள்ளாட்சி உரிமமோ இரண்டாவதாக இருக்கட்டும். கணக்கு தொடங்கிய பிறகு, மாதம் ஒரு தேதியில் ஒரு தொகையை உங்கள் சம்பளமாகச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவு அதற்குள் அடங்கட்டும்.

செக்கைத் தமிழில் எழுதினால் வங்கியில் வாங்குவார்களா?
– வாசகர், காரைக்குடி

தாராளமாக எழுதலாம். இந்தி, ஆங்கிலம், அந்தந்த மாநில மொழி ஆகியவற்றில் எதிலும் வாடிக்கையாளர் செக் எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்து மட்டும் நீங்கள் வங்கியில் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்திருக்க வேண்டும். நான் வங்கிப் பணியில் இருந்த காலம் முழுக்கத் தமிழில்தான் கையெழுத்துப் போட்டேன். ஒரு செக்கும் அதனால் திரும்பியதில்லை.

சரக்கு வாங்க அடிக்கடி வெளியூர் போகிறேன். ஐந்தாறு செக் லீஃபில் கையெழுத்துப் போட்டு கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மொத்த வியாபாரி ஒருவரும் 'செக்யூரிட்டி'க்கு என்று இரண்டு வெற்றுச் செக் வாங்கி வைத்திருக்கிறார். இது சரியா?
– ஹார்டுவேர் கடைக்காரர், திண்டுக்கல்

சரியே இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வாங்கியவர் பிறகு தொகையை எழுதிக்கொண்டாலும் அது செல்லும். மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த செக் என்றால், மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். "சும்மா செக்யூரிட்டிக்குத்தான் கொடுத்தேன்" என்ற வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. அந்த வியாபாரியிடம் பாக்கியைத் தீர்த்ததும் இரண்டு லீஃபையும் கையோடு திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால், செக் எண்களைக் குறிப்பிட்டு, பாக்கி இல்லை என்றும் எழுதி, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மேசை டிராயருக்கு எத்தனை சாவி? வெளியூரில் இருக்கும்போது நெட் பேங்கிங்கில் அவர் பதிவு செய்ய, நீங்கள் போனில் ஒப்புதல் தருகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம். வங்கியில் கேளுங்கள்.

முழுதாக எழுதிய செக்கிலும் இடைவெளி ஆபத்துதான். கவுண்டரில் ஒரு நாள் 8,500 ரூபாய்க்கு எழுதிய செக் என் கைக்கு வந்தபோது அதில் 1,08,500 என்று இருந்தது. 'எட்டாயிரத்து ஐந்நூறு' என்பதற்கு முன்னால் விரலகலம் இடம் விட்டிருந்தார்கள். அதில் 'ஒரு லட்சத்து' நுழைந்துவிட்டது. 'லட்சத்து' வரைக்கும் மை லேசாக ஊதா, அதற்குப் பிறகு நீலம். வெயில் விழும் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்ததால் கண்ணில் பட்டது, கடைக்காரருக்குப் போன் போட்டேன். இப்போது வங்கிகளுக்கு இடையே போவது செக்கின் படம்தான், தாளே போவதில்லை. சன்னல் பக்கம் திருப்பிப் பார்க்க ஆளில்லை. அதனால் எண்ணை ₹ குறியை ஒட்டி எழுதுங்கள், எழுத்தைக் கோட்டின் இடது ஓரத்தில் தொடங்குங்கள், 'மட்டும்' போட்டு மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுங்கள். இடது மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதுங்கள், பணம் பெறுபவரின் கணக்கில்தான் சேரும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், செக்கைக் கொடுத்ததுமே 'பாசிட்டிவ் பே'யில் எண், தேதி, பெயர், தொகை நான்கையும் வங்கிக்குத் தெரிவித்துவிடுங்கள். 2021 ஜனவரியிலிருந்து இந்த வசதி இருக்கிறது. தெரிவித்ததோடு செக் ஒத்துவராவிட்டால் பிடிபட்டுவிடும்.

எனக்கு வந்த செக் 'பணம் போதாது' என்று மெமோவுடன் திரும்பிவிட்டது. கொடுத்தவர் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார். காத்திருக்கலாமா?
– அரிசி மண்டி, தஞ்சாவூர்

காத்திருக்கலாம், ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டே. மெமோ வந்த நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குக் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டும். உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

அப்புறம் இன்னொன்று. செக்கின் ஆயுள், அதில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம். அதற்குள் மறுபடியும் வங்கியில் போடலாம். மறுபடியும் திரும்பினால் அந்த மெமோவை வைத்தும் நோட்டீஸ் அனுப்பலாம். நியாயமான வாடிக்கையாளர் என்றால் அவரிடம் பேசி, அவர் சொல்லும் தேதியில் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மெமோவையும் செக்கையும் மட்டும் கை விட்டுவிடாதீர்கள்.

தொகையைத் தப்பாக எழுதிவிட்டேன். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

போதாது. தேதியைத் தவிர வேறு எதைத் திருத்தினாலும் வங்கிகளுக்கு இடையே செக் படம் போகிற இப்போதைய கிளியரிங்கில் செக் திரும்பிவிடும். 'கேன்சல்' என்று குறுக்கே எழுதிவிட்டு வேறு லீஃப் எடுங்கள். பழையதைக் கிழித்துப் போடாமல் செக் புக்கிலேயே பின் குத்தி வையுங்கள்.

என் நோட்டில் 62,000 இருக்கிறது, வங்கி ஸ்டேட்மென்ட் 90,000 என்கிறது. எதை நம்புவது?
– பேக்கரி, விருதுநகர்

நோட்டை. நீங்கள் யாருக்கோ கொடுத்த 28,000 ரூபாய் செக்கை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை என்று நினைக்கிறேன். செக் புக்கின் அடிக்கட்டையை எடுத்து, ஸ்டேட்மென்ட்டில் வந்த எண்களுக்கு ஒரு டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். டிக் விழாமல் நிற்கும் செக்கின் பணம் உங்களுடையது இல்லை. அதை எடுத்து மைதா வாங்கிவிடாதீர்கள். முன்பு செக் போட்டால் பணம் போக மறுநாள் ஆகும், இடையில் கொண்டுபோய்க் கட்டிச் சமாளித்தவர்கள் உண்டு. 2025 அக்டோபர் 4 முதல், பகலில் போடும் செக் உடனுக்குடன் உங்கள் வங்கிக்கு வந்து, அன்று மாலைக்குள்ளேயே பாஸா ரிட்டனா என்று முடிவாகிவிடுகிறது.