பலகையில் ஒரு வட்டி, கையில் ஒரு வட்டி: கேள்வி பதில்

வங்கியின் வைப்புப் பிரிவில் 27 ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவள் நான். சேமிப்புக்கு நல்ல வட்டி எப்படித் தேடுவது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் ஒரு லட்சம், பன்னிரண்டாயிரம் என்று முழு எண்களாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, இன்றைக்கு எங்கே அதிக வட்டி கிடைக்கும்? ஒரே வரியில் சொல்லிவிடுங்களேன்.

ஒரே வரியில் சொன்னால் அடுத்த மாதமே அது பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பணம் இப்போது எங்கே கிடக்கிறது?

ஒரு லட்சத்துக்கு அரை சதவீதம் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 500. சாதாரண சேமிப்புக் கணக்கில் 3 சதவீதத்துக்குத் தூங்கும் ஒரு லட்சத்தை எழுப்பி 7 சதவீத வைப்பில் போட்டால் 4,000. என் மேசைக்கு ஆண்டுதோறும் வரும் ஒருவர் கால் சதவீதத்துக்காக அரை மணி நேரம் வாதாடுவார். அவர் கொண்டுவரும் பையிலேயே சேமிப்புக் கணக்குப் புத்தகமும் இருக்கும். வைப்பில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு அதில் சும்மா கிடக்கும். "அவசரத்துக்கு வேண்டும்" என்பார். நான்கு மடங்கு அவசரம் யாருக்கும் வருவதில்லை.

கேள்வி: மாதம் 1,000 வீதம் ஒரு வருடம் தொடர் வைப்பு கட்டினேன். வட்டி 7 சதவீதம் என்றார்கள். 12,000 கட்டியதற்கு 840 வர வேண்டும் அல்லவா? 455 சொச்சம்தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. இந்தக் கேள்வியை என் பணிக்காலத்தில் நூறு பேராவது கேட்டிருப்பார்கள். பாதிப் பேர் கோபமாகக் கேட்டார்கள்.

நீங்கள் கட்டிய முதல் ஆயிரம் 12 மாதம் வங்கியில் இருந்தது. இரண்டாவது ஆயிரம் 11 மாதம். இப்படியே இறங்கி வந்து கடைசி ஆயிரம் ஒரே ஒரு மாதம்தான் இருந்தது. 12, 11, 10 என்று கூட்டிப் பாருங்கள், 78 வரும். ஓர் ஆயிரத்துக்கு மாத வட்டி 5.83. அதை 78-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 455. சொன்ன ஏழு சதவீதம் சரியாகத்தான் வந்திருக்கிறது. 12,000 முழுவதும் உங்கள் கணக்கில் இருந்தது கடைசி மாதம் மட்டும்தான்.

சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒதுக்குபவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் மொத்தப் பணத்தையும் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாதம் ஆயிரமாக எடுத்துக் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதல் நாளே மொத்தமாகப் போட்டிருந்தால் 840 கிடைத்திருக்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கடன் விற்பவரின் சூட்சுமம் தெரியும். கடனுக்கு "நிலையான 7 சதவீதம்" என்று சொல்லி, முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி போட்டு, மாதத் தவணையில் அசலையும் சேர்த்து வாங்கினால், உண்மை வட்டி 13 சதவீதத்தை நெருங்கும்.

கேள்வி: ஐந்து ஆண்டு வைப்புக்கு ஒரு விளம்பரத்தில் "சராசரி ஆண்டு வருமானம் 8.3 சதவீதம்" என்று போட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் 7 தான். மாற்றிவிடலாமா?

அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயும் அதே 7 தான் இருக்கும்.

ஒரு லட்சம், 7 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்த்தால் ஐந்தாண்டு முடிவில் 1,41,478. வட்டி மட்டும் 41,478. அதை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 8,296, அதாவது ஒரு லட்சத்துக்கு 8.3 சதவீதம். வட்டிக்கு வந்த வட்டியையும் அசலின் வட்டிபோலக் காட்டும் வகுத்தல் இது. இந்த முறையில் காலத்தை நீட்ட நீட்ட விளம்பர எண் வளர்ந்துகொண்டே போகும், உங்களுக்கு ஒரு காசும் கூடாது. இரண்டு திட்டங்களை ஒப்பிட விளம்பர விகிதத்தைப் பார்க்காதீர்கள். "இவ்வளவு போட்டால் இந்தத் தேதியில் எவ்வளவு கையில் வரும்?" என்று இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்ப்பதைவிட மாதாமாதம் சேர்த்தால் பெரிய இலாபமா?

கொஞ்சம்தான். அதே ஒரு லட்சம், அதே 7 சதவீதம், ஐந்து ஆண்டு. தனி வட்டியில் 1,35,000. ஆண்டுக் கூட்டு வட்டியில் 1,40,255. மாதாமாதம் சேர்த்தால் 1,41,763. தனி வட்டியிலிருந்து கூட்டு வட்டிக்கு ஏறுவதுதான் பெரிய படி. அதற்கு மேல் சின்னச் சின்னப் படிகள். தினமும் சேர்த்தாலும், நொடிக்கு நொடி சேர்த்தாலும் அது ஓர் எல்லையைத் தாண்டாது. 1683-இல் யாக்கோபு பெர்னூலி என்ற கணித மேதை வட்டிக் கணக்கை வைத்தே இதைக் கண்டார். நூறு சதவீத வட்டியை எவ்வளவு துண்டு போட்டுச் சேர்த்தாலும் ஓர் ஆண்டில் அசல் 2.718 மடங்கைத் தாண்டாது.

மாத வட்டியைக் கையில் வாங்கிச் செலவழிக்கிறீர்கள் என்றால் கூட்டு வட்டியைப் பற்றிய பேச்சே இல்லை. அது அசலோடு சேர்வதில்லை.

கேள்வி: புதுக் கணக்கு தொடங்கினால் முதல் மூன்று மாதம் 8 சதவீதமாம், பிறகு 3. நான் இப்போது வாங்குவது 5.

ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்தால் உங்கள் சராசரி 4.25. இருக்கும் 5 உசத்தி. மூன்றாம் மாதம் முடிந்ததும் மறக்காமல் வெளியே வருவீர்கள் என்றால் போய் வாருங்கள். மறப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த 8 தருகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு: "ஒரு லட்சத்துக்கு மேல் 6 சதவீதம்". முழுத் தொகைக்குமா, ஒரு லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமா என்று கேளுங்கள். பகுதிக்கு மட்டும் 6, கீழே உள்ளதற்கு 3 என்றால் 1,20,000 வைத்திருப்பவருக்கு ஆண்டு வட்டி 4,200. அது 3.5 சதவீதம்.

கேள்வி: வட்டி இறங்கும் என்கிறார்கள் சிலர், ஏறும் என்கிறார்கள் சிலர். நீண்ட காலத்துக்குப் போடுவதா, குறுகிய காலத்துக்கா?

எனக்குத் தெரிந்திருந்தால் 27 ஆண்டுகள் மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டேன். தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு பணத்தைப் பிரித்துப் போடுவதுதான் படிக்கட்டு முறை. ஐந்து லட்சத்தை ஐந்தாகப் பிரித்து ஓராண்டு, ஈராண்டு என்று ஐந்தாண்டு வரை ஆளுக்கொரு காலத்தில் போடுங்கள். ஆண்டுக்கு ஒன்று முதிரும். அதை எடுத்து மறுபடியும் ஐந்தாண்டுக்குப் போடுங்கள். வட்டி ஏறினால் புதிதாகப் போடுவது பலன் பெறும். இறங்கினால் பழையவை காப்பாற்றும்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. நடுவில் பணம் தேவைப்பட்டால் ஒரு படியை மட்டும் உடைத்தால் போதும். மூன்றாண்டுக்கு 7.25 என்று ஒரே ரசீதாகப் போட்டவர் ஓராண்டில் உடைத்தால், பல வங்கிகளில் அவருக்கு 7.25 கிடைக்காது. போட்ட அன்று ஓராண்டுக்கு இருந்த விகிதம், 6.5 என்று வையுங்கள், அதில் அபராதம் ஒரு சதவீதம் கழித்து 5.5. ஒரு லட்சம் தேவைப்பட்டதற்கு ஐந்து லட்சத்தின் வட்டியும் குறைந்துபோகும். உடைப்பதற்கு முன் வைப்பின்மேல் கடன் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். முதிர்வுக்குச் சில வாரங்களே இருந்தால் கடன்தான் மலிவு.

கேள்வி: அதிகம் கேள்விப்படாத ஒரு நிறுவனம் மற்றவர்களைவிட 2 சதவீதம் கூடுதலாகத் தருகிறது. போடலாமா?

ஏன் கூடுதலாகத் தருகிறார்கள்? கிளைகள் இல்லாததால் செலவு குறைவு என்பது நல்ல பதில். வேறு யாரும் குறைந்த வட்டிக்கு அவர்களை நம்பிப் பணம் தரவில்லை என்பது கெட்ட பதில். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஐஸ்லாந்தின் லான்ட்ஸ்பாங்கி வங்கி இணையம் வழியாக ஐஸ்சேவ் என்ற சேமிப்புக் கணக்கை நடத்தியது. நல்ல வட்டி என்று பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் போட்டார்கள். 2008 அக்டோபரில் வங்கி விழுந்தது. வங்கி விழுந்தால் சேமித்தவர்களுக்குப் பணம் தருவதற்கென்று இருந்த ஐஸ்லாந்தின் காப்பீட்டு நிதியால் அத்தனை பேருக்கும் தர முடியவில்லை. அந்தந்த நாட்டு அரசுகள் முன்வந்து கொடுத்ததால் சேமித்தவர்கள் தப்பினார்கள்.

ஆகவே பணம் போடும் முன் வைப்புக் காப்பீடு உண்டா, எந்த நாட்டுக் காப்பீடு, உச்சவரம்பு எவ்வளவு என்று பாருங்கள். வரம்பு பொதுவாக ஒரு வங்கியில் ஒருவருக்கு என்றுதான் கணக்கு. அதே வங்கியின் நான்கு கிளைகளில் நான்கு கணக்கு வைத்தால் நான்கு மடங்கு ஆகாது. வட்டியும் சேர்ந்துதான் வரம்பா என்பதையும் கேளுங்கள். அப்படியானால் வரம்புக்குச் சற்றுக் கீழே அசலை நிறுத்துங்கள். இதற்குள் அடங்கினால் அந்த 2 சதவீதத்தை நான் விடமாட்டேன். அடங்காவிட்டால் வட்டிக்கு ஆசைப்பட்டு முதலுக்கே மோசம்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் மாதம் 4 சதவீதம் வாங்குகிறார். ஆறு மாதமாக ஒழுங்காக வருகிறதாம்.

வேண்டாம். 1920-இல் பாஸ்டனில் சார்லஸ் பான்சி 45 நாளில் 50 சதவீதம் என்றார். அவரும் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் கொடுத்தார், பின்னால் வந்தவர்களின் பணத்தை எடுத்து. உங்கள் நண்பருக்கு ஆறு மாதத்தில் வந்திருப்பது 24 சதவீதம். அவர் போட்டதில் கால் பங்குகூடத் திரும்பவில்லை.

கேள்வி: 7 சதவீதம் வாங்கியும் பணம் வளர்ந்ததாகவே தோன்றவில்லையே, ஏன்?

வளரவில்லை என்பதால்தான். வட்டியில் 20 சதவீதம் வரி போனால் மிச்சம் 5.6. விலைவாசி 6 சதவீதம் ஏறினால், 100-க்கு வாங்கிய சாமான் இப்போது 106. உங்கள் கையில் 105.60. இதற்காகப் பதற்றப்பட்டு எல்லாவற்றையும் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. மூன்றாண்டுக்குள் தேவைப்படும் பணத்துக்கு வைப்பே இடம். இருபது ஆண்டு கழித்து வேண்டிய பணத்தையும் அதே இடத்தில் பூட்டிவைப்பதுதான் சிக்கல்.

கேள்வி: கடன் அட்டையில் பாக்கி இருக்கிறது, வைப்பில் பணமும் இருக்கிறது. எது முதலில்?

பாக்கி. மாதம் 3 சதவீதம் என்றால் கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல். உடைக்கும் அபராதத்தைப் பார்க்காமல் வைப்பை எடுத்துப் பாக்கியை அடைத்துவிடுங்கள்.

கேள்வி: என் அம்மாவின் வைப்புகள் தாமாகவே புதுப்பிக்கப்படுகின்றன. அப்படியே விடலாமா, அக்கா?

ரசீதுகளை எடுத்து மேசைமேல் பரப்புங்கள். ஏதாவது ஒன்றில் 400 நாள், 555 நாள் என்று விநோதமான நாள்கணக்கு இருக்கிறதா? அது சிறப்பு விகிதத்துக்காகத் திறந்த வைப்பாக இருக்கும். சிறப்புத் திட்டம் மூடியிருந்தால் புதுப்பிக்கும்போது சாதாரண விகிதம்தான் ஒட்டிக்கொள்ளும், யாரும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு ரசீதின் முதிர்வுத் தேதிக்கும் ஒரு வாரம் முன்னால் நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அப்படியே பின்பக்கத்தையும் திருப்பி, நியமனதாரர், அதாவது அம்மாவுக்குப் பின் பணத்தைப் பெறுபவர், பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதி ரசீதுகளில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.