ஸ்கேன் சரி, ஆனால் அப்பா எழுந்திருக்கவில்லையே

கீழ் முதுகெலும்பில் எல்4-எல்5 அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகிறது, ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஆனாலும் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார், வீட்டில் சோம்பல் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் தயவுசெய்து அவர் காதில் விழ வேண்டாம்.

என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்காருவார். பாதம் தரையில் பட்டதும் "முதுகில் வைத்த ஸ்குரூ கழன்றுவிடும்" என்று மறுபடி படுத்துவிடுவார். வலியைவிடப் பயம்தான் அவரைக் கிடத்தியது. அசையாமல் கிடந்தால் தசை தளரும், தூக்கம் கெடும், வலி இன்னும் கூடும். பிசியோதெரபிஸ்ட் முதலில் வாசல்வரை, பிறகு முருங்கை மரம்வரை என்று நடக்கவைத்தார்.

மனச்சோர்வு வலியைக் கூட்டும், அது நடிப்பல்ல. டுலாக்ஸிடின் போன்ற மருந்து இரண்டுக்குமே தரப்படுகிறது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வரத் தயங்கினால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், தமிழில் பேசலாம்.

காலில் புதிதாக பலவீனமோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கலோ வந்தால் மனம்தான் காரணம் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "இருந்து என்ன பயன்" என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.