பேச்சுக்குத் துணைக் கருவி: எதை நம்புவது, யாரிடம் கேட்பது?

பேச்சு வராதவர்களும் பேச்சு நின்றுபோனவர்களும் படப் பலகை, எழுத்துப் பலகை, பேசும் செயலி ஆகியவற்றின் வழியே பேசுவதை எங்கள் துறையில் ஏ.ஏ.சி. என்கிறோம். நான் சென்னையில் ஸ்பீச் தெரபிஸ்ட். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நேரில் பார்க்காத ஒருவருக்கு இந்தக் கருவிதான் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அதை மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

ஈரோடு, ஒரு தாய்: மகனுக்கு 4 வயது, ஆட்டிசம். படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று மாமியார் சொல்கிறார். குடும்ப டாக்டரும் அதையே சொல்கிறார். காத்திருக்கட்டுமா மேடம்?

காத்திருக்காதீர்கள். இந்த அச்சம் பழையது, அதற்கு ஆதாரம் கிடையாது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் ஏ.ஏ.சி. பேச்சை என்ன செய்கிறது என்று 2006-இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியானது. அதில் நம்பகமான தரவு இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கொஞ்சமாவது கூடியது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. கூடிய அளவு பலருக்குச் சிறியதுதான். படப் பலகை வைத்தால் பையன் பேசிவிடுவான் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அதையும் நம்ப வேண்டாம்.

பலகையைக் கையில் கொடுத்துவிட்டு "காட்டு, காட்டு" என்று பரீட்சை வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. முதலில் தொட வேண்டியவர் நீங்கள். தோசை ஊற்றும்போது "இன்னும்" படத்தைத் தொட்டு "இன்னும் ஒன்று வேண்டுமா?" என்று கேளுங்கள். அவன் தட்டைத் தள்ளினால் "போதும்" படத்தைத் தொட்டு, "போதுமா, சரி" என்று எடுத்துவிடுங்கள். அவன் திரும்பத் தொட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வாரக்கணக்கில் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான், அதுவும் கற்பதுதான். மாமியாரையும் ஒரு வேளை உணவுக்குப் பலகையோடு உட்கார வையுங்கள். வாதாடுவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

திருநெல்வேலி: எந்தச் செயலி வாங்கலாம்? டேப்லெட்டுக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம்.

பணம் இருக்கட்டும், முதலில் தாள். ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு ஆதரவில் அராசாக் என்ற படத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. விற்பனைக்கு இல்லாமல் வீட்டிலும் பள்ளியிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அச்சடித்து, லேமினேட் செய்து, சில வாரம் புழங்குங்கள். எத்தனை படம் கண்ணுக்கு எட்டுகிறது, விரல் எங்கே தடுமாறுகிறது என்பது தெரிந்த பிறகு கருவி வாங்கினால் பணம் வீணாகாது. பிறகும் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். சார்ஜ் தீர்ந்த டேப்லெட் ஒரு வார்த்தை பேசாது.

செயலிகளில் ஆவாஸ் சென்னையில் பிறந்தது. வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடு பழகிப் பார்த்து உருவாக்கப்பட்டது, தமிழிலும் இருக்கிறது. எதுவானாலும் முன்னோட்டப் பதிப்பில் பார்த்துவிட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஆப்பிள், பந்து, யானை என்று பெயர்ச்சொற்களாக நிரப்ப வேண்டாம். யானையைப் பற்றி ஒரு நாளில் எத்தனை முறை பேசுவோம்? வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், வா, போ, என்ன, எங்கே, விடு. இவைதான் நாள் முழுக்க ஓடும் சொற்கள். உங்கள் வீட்டில் ஆச்சி என்றால் பலகையிலும் ஆச்சிதான், பாட்டி அல்ல. கோபத்துக்கும் மறுப்புக்கும் இடம் வையுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல வழியில்லாத பிள்ளை கையைத்தான் கடிக்கும்.

சேலம்: தெரபிஸ்ட் உண்மையிலேயே படித்தவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவருக்குச் சி.ஆர்.ஆர். எண் இருக்கும். கேளுங்கள். கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டதற்குக் கோபப்படுகிறார் என்றால் அதுவே விடை.

கோவை, ஒரு தந்தை: உறவினர் ஒரு வீடியோ அனுப்பினார். பேசவே பேசாத சிறுவன், அருகில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, ஆங்கிலத்தில் கவிதை தட்டுகிறான். என் மகளையும் சேர்க்கச் சொல்கிறார்கள். கட்டணம் மிக அதிகம். நம்பலாமா?

சேர்க்க வேண்டாம் ஐயா. உதவியாளர் கையையோ மணிக்கட்டையோ தோளையோ தாங்கிக்கொண்டு தட்டச்சு செய்ய வைக்கும் இந்த முறை 1990-களிலேயே கட்டுப்பாட்டோடு சோதிக்கப்பட்டது. உதவியாளருக்கு ஒரு படம், பிள்ளைக்கு வேறு படம். ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. தட்டப்பட்டது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். திரும்பத் திரும்ப இதுவேதான் நடந்தது. ஏ.ஏ.சி.க்கான சர்வதேச அமைப்பான ஐசாக் 2014-இல் இம்முறையை ஏற்க முடியாது என்று அறிவித்தது. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் சங்கமான ஆஷா 2018-இல் அதையே மீண்டும் சொன்னது. கையைத் தொடாமல் உதவியாளர் எழுத்துப் பலகையைக் காற்றில் பிடித்துக்கொள்ளும் முறையையும் அதே ஆண்டு பரிந்துரைக்க மறுத்தது.

உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் தாங்கள் கையை நகர்த்துவதை உணர்வதே இல்லை. ஆனால் விளைவு ஒன்றுதான்: உங்கள் மகளின் பெயரில் வேறு யாரோ பேசுகிறார்கள். அவள் உண்மையில் சொல்ல முயன்றது யாருக்கும் கேட்காமல் போகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உதவியாளர் அறையில் இல்லாதபோது மகளிடம் ஒரு பொருளைக் காட்டுங்கள். பிறகு அவரை அழைத்து, என்ன பார்த்தாள் என்று தட்டச் சொல்லுங்கள். "சந்தேகப்பட்டால் குழந்தை மூடிக்கொண்டுவிடும்" என்று மறுத்தால் காசோலைப் புத்தகத்தை நீங்கள் மூடிவிடுங்கள்.

முழங்கையைத் தாங்கும் பட்டை, விசைப்பலகை மேல் பொருத்தும் துளைத் தட்டு, தலையால் இயக்கும் சுவிட்ச் ஆகியவை வேறு. இயக்குபவர் அவரேதான், அவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

தஞ்சாவூர்: அப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய். பேச்சு குழறத் தொடங்கியிருக்கிறது. இப்போதே என்ன செய்ய வேண்டும் அக்கா?

இரண்டு வேலைகள். முதலாவதை இந்த வாரமே தொடங்குங்கள்: குரல் இருக்கும்போதே பதிவு செய்வது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனில், அவர் வழக்கமாகச் சொல்வதை எல்லாம் பதியுங்கள். "வலிக்கிறது", "திருப்பிப் படுக்க வை" என்பவை மட்டும் போதாது. பேரனைச் செல்லப் பெயரில் கூப்பிடுவது, அம்மாவைக் கேலி செய்வது, கிரிக்கெட் பார்க்கும்போது திட்டுவது, எல்லாம் வேண்டும். பிறகு ஒரு பட்டனைத் தொட்டால் அவர் குரலே வரும். வாட்ஸ்அப்பில் மட்டும் வைக்காமல் வேறு இரண்டு இடங்களில் சேமியுங்கள். பதிவிலிருந்து கணினியே புதுக் குரல் உருவாக்குவது வேறு தொழில்நுட்பம். அதை நம்பி இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவது, எழுத்துப் பலகை. தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் இந்த நோயில் கை போன பிறகும் பெரும்பாலும் கண் அசைவு நெடுநாள் நிற்கும். 247 எழுத்தையும் ஒரே தாளில் அடுக்கினால் தேடுவதற்குள் பொழுது போய்விடும். நம் இலக்கணமே இதற்கு வழி வைத்திருக்கிறது. வல்லினம், மெல்லினம், இடையினம், ஒவ்வொன்றிலும் ஆறு. உயிரெழுத்து தனி வரிசை. நீங்கள் வரிசையாகச் சொல்ல வேண்டும், அவர் வேண்டிய இடத்தில் கண் சிமிட்ட வேண்டும். "வல்லினம்?" சிமிட்டல். "க, ச, ட, த" சிமிட்டல். "புள்ளியா? அகரமா?" அகரத்தில் சிமிட்டல். 'த' கிடைத்தது. "வல்லினம்? மெல்லினம்?" சிமிட்டல். "ங, ஞ, ண" சிமிட்டல். "புள்ளியா?" சிமிட்டல். 'தண்' வரை வந்ததும் "தண்ணீரா?" என்று கேட்கத் தோன்றும். ஊகிக்கலாமா என்று அவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சிலருக்கு அது எரிச்சல். என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் "தண்ணீரா?" என்றதற்குக் கண்ணை இறுக மூடி மறுத்து, எழுத்தெழுத்தாகத் தொடர்ந்தார். அவர் முடித்த சொல் "தண்டச்செலவு". மேசைமேல் இருந்த மருத்துவமனை பில்லைப் பற்றி.

புள்ளியையும் அகரத்தையும் முதலில் கேளுங்கள், அவை அடிக்கடி வரும். மற்றவற்றைக் குறில், நெடில் என்று பிரித்துக்கொள்ளலாம். கணினி வழியில் போக விரும்பினால், ஸ்டீபன் ஹாக்கிங்குக்காக இன்டெல் நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் 2015 முதல் இலவசம். கன்னத் தசையின் ஒரு சிறு அசைவை வைத்தே அவர் தட்டச்சு செய்தார்.

நாகர்கோவில்: கணவருக்குப் பக்கவாதம், பேச்சு போய்விட்டது. இதே எழுத்துப் பலகை உதவுமா?

பெரும்பாலும் உதவாது அம்மா. அங்கே வாய் மட்டுமல்ல, மூளையில் சொல்லைத் தேடும் இடமே அடிபட்டிருக்கலாம். அப்படியானால் எழுத்தும் தடுமாறும். "ஆம்" என்று தலையசைத்துவிட்டு "இல்லை" என்பதையே நினைத்திருப்பார், இரு விதமாகக் கேட்டு உறுதி செய்யுங்கள். குழந்தைகளின் கார்ட்டூன் படங்களைக் காட்டாதீர்கள். குடும்பப் புகைப்படங்கள், ஊர் வரைபடம், காலண்டர் போதும். பேசும்போதே முக்கியச் சொல்லைப் பெரிதாகத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

மதுரை, 26 வயது: எனக்கு மூளை முடக்குவாதம். இதை நானே தலைக்குச்சியால் தட்டுகிறேன். வங்கியிலும் மருத்துவமனையிலும் எல்லாரும் அம்மாவிடமே பேசுகிறார்கள். நான் தட்டி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் எழுதுவதை எங்கே படிக்கலாம்?

பேச்சு நிமிடத்துக்கு 150 சொல்லாவது ஓடும். கருவி வழியே பெரும்பாலோருக்கு 15-ஐத் தாண்டாது. எதிரில் இருப்பவருக்கு அது தெரியாது. திரையின் முதல் பட்டனிலும், அச்சடித்த அட்டை ஒன்றிலும் இதை வையுங்கள்: "எனக்குக் காது கேட்கும், எல்லாம் புரியும். பதில் தட்டச்சு செய்ய நேரம் ஆகும். என்னைப் பார்த்து என்னிடமே பேசுங்கள்." வங்கிக்குப் போகும் முன் கேள்விகளை வீட்டிலேயே தட்டிச் சேமித்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தொடர்பு' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே துணை, மாற்றுத் தொடர்பு முறைகள் இருக்கின்றன. மேலாளரிடம் எழுதிக் கொடுக்கும்போது அதைக் குறிப்பிடுங்கள். அம்மாவிடமும் ஒன்று பேசி வையுங்கள்: கேள்வி அவரிடம் வந்தால் பதில் சொல்லாமல் உங்களைப் பார்க்க வேண்டும்.

1983-இல் தொடங்கிய ஐசாக்கில் தெரபிஸ்ட்களோடு கருவியால் பேசுபவர்களும் உறுப்பினர்கள். அக்டோபர் ஏ.ஏ.சி. விழிப்புணர்வு மாதம், அப்போது அவர்கள் எழுதுவது நிறைய வரும். தமிழில் குறைவு. அடுத்த முறை வரும் பெற்றோர் கேள்விகளில் பாதிக்கு நீங்கள் பதில் எழுத முடியுமா தம்பி? நேரம் எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம்: அரசு உதவி?

முதலில் யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபியும் அடங்கும். கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பட்டியலில் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டுக்கு சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான நீப்மெட் தேசிய நிறுவனம் இருக்கிறது. கர்நாடக எல்லையோரம் இருப்பவர்களுக்கு மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமான அய்ஷ் பக்கம்.

காஞ்சிபுரம்: மகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வில் டேப்லெட்டைக் கொண்டுபோக விடுவார்களா?

முன்அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். இணையமும் இருக்கும் கருவி என்பதால் சந்தேகம் வரும். தெரபிஸ்ட் கடிதம், யு.டி.ஐ.டி. நகல், சொல்வதை எழுதுபவர் மற்றும் கூடுதல் நேரத்துக்கான கோரிக்கை, இணையத்தைத் துண்டித்து வைப்பதாக உறுதிமொழி, எல்லாவற்றையும் தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி திறந்த மாதமே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். எழுதுபவரோடு குறைந்தது இரண்டு மாதிரித் தேர்வாவது எழுதிப் பார்க்கட்டும். கணக்குப் பாடத்துக்கான குறியீடுகள் அவள் பலகையில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.