அகமதாபாத் விமான விபத்தில் உங்கள் மனதை விட்டு அகலாதது எது?

அந்த மெஸ்ஸில் இருந்த சாப்பாட்டுத் தட்டுகள்.

2025 ஜூன் 12. லண்டன் கிளம்பிய ஏர் இந்தியா போயிங் 787, மதியம் 1.38க்குத் தரையை விட்டு எழும்பி, 32 நொடியில் பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதிமேல் விழுந்தது. பிள்ளைகள் சாப்பிட உட்காரும் நேரம். கட்டிடத்தில் விமானத்தின் வால் செருகி நின்றதையும், உள்ளே மேசைமேல் தட்டுகள் பாதிச் சாப்பாட்டோடு அப்படியே கிடந்ததையும் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என் மகள் இங்கே புதுச்சேரியில், கோரிமேட்டில் மருத்துவம் படிக்கிறாள். விடுதி வாசம்தான். ‘மருத்துவர் விடுதிமேல் விழுந்தது’ என்று டிவியில் ஓடியதும் அவளுக்குப் போன் போட்டேன். அகமதாபாத் எங்கே, கோரிமேடு எங்கே? ஆனாலும் கை தானாகப் போனது. "சாப்ட்டுட்டு இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்றாள். "பேச வேணாம்மா, போனை மட்டும் வைக்காத" என்றேன். டம்ளர் வைக்கிற சத்தம், யாரோ ரசம் கேட்கிற சத்தம். கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் போய்விட்டார்கள். 11ஏ இருக்கைக்காரர் ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களிலும் 19 பேர் போய்விட்டார்கள். விமானம் ஏறுகிறவர் பெல்ட் போடும்போதாவது சாமியை நினைத்துக்கொள்வார். தட்டில் கை வைத்திருந்த பிள்ளை எதை நினைத்திருக்கும்?

காரணம் என்று பார்த்தால், ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கையைப் படித்தேன். எழும்பிய மூன்றாவது நொடியில், இரண்டு என்ஜின்களுக்கும் எரிபொருள் விடும் சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் ‘கட்ஆஃப்’ நிலைக்குப் போயிருக்கின்றன. ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு விமானி கேட்கிறார். நான் செய்யவில்லை என்கிறார் மற்றவர். பத்து நொடியில் முதல் சுவிட்ச் பழைய நிலைக்கு வந்தது, அடுத்ததும் உடனே வந்தது. ஒரு என்ஜின் மீளவும் தொடங்கியது. 35,000 அடியில் இது நடந்திருந்தால் மிதந்து இறங்கியபடியே என்ஜினை மறுபடி ஓட வைக்க நிமிடக்கணக்கில் நேரம் கிடைத்திருக்கும். இவர்கள் ஏறியிருந்ததோ அறுநூற்றுச் சொச்சம் அடி.

சுவிட்ச் எப்படி மாறியது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, யார் மேலும் பழி போடவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு, பதில் சொல்ல வர முடியாத இரண்டு விமானிகளைக் குற்றவாளியாக்கி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர்கள் வீட்டிலும் பெற்றவர்கள் இருப்பார்கள்.

எங்கள் வீடு லாஸ்பேட்டையில், விமான நிலையத்துக்குப் பக்கம். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகிற சின்ன ஏடிஆர் விமானங்கள் வீட்டுக்கு மேலேதான் ஏறும். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த நேரத்தில் ஒன்று கிளம்பினால், சத்தம் கடல் பக்கம் தேய்ந்து அடங்கும்வரை கையில் பிசைந்த சோறு கையிலேயே நிற்கிறது.