அந்தக் காசோலையை வங்கியில் போடாதீர்கள்

கேள்வி: நான் மதுரையில் வசிக்கும் ஓவியர். 2013 முதல் 2018 டிசம்பர் வரை சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் அறிவியல் புனைகதைச் சித்திரத் தொடர் வரைந்தேன். கதை, வசனம் இன்னொருவர். விண்வெளி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, மூன்று பிரதி மனு இல்லாமல் எந்தக் கலத்தையும் கிளம்ப விடாத ரோபோ குமாஸ்தா மட்டும் முழுக்க என் கற்பனை. எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் எழுத்தர் ஒருவரை மனதில் வைத்து வரைந்தது. கதாநாயகனைவிட அவனுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். 2024 மார்ச்சில் பத்திரிகை அவனை சாட் ஸ்டிக்கராக வெளியிட்டது. இப்போது ஒரு கடன் செயலியின் விளம்பரத்தில் பேச வைத்திருக்கிறார்கள். என் பெயர் எங்குமே இல்லை. ஆசிரியர் போனை எடுப்பதில்லை. ஊழியன் போல தினமும் போய் உழைத்ததற்கு இதுதான் மரியாதையா? போன வாரம் 25,000 ரூபாய் காசோலையும், ‘ஏற்கெனவே வழங்கிய உரிமைகளை இதன்மூலம் உறுதிசெய்கிறேன்’ என்ற கடிதமும் கையெழுத்துக்காக வந்தன. ஒரு கோடி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஆசிரியர் போனை எடுக்காததும், ரசிகர்கள் எந்தப் பாத்திரத்தை அதிகம் விரும்பினார்கள் என்பதும் வழக்கில் எதையும் மாற்றாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான வரி கடைசிக்கு முந்தையது. உரிமை தெளிவாகக் கையில் இருக்கும் நிறுவனம் அதை உறுதிசெய்து தரச் சொல்லிக் காசோலை அனுப்பாது. அவர்களுடைய வக்கீல் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்து ஏதோ குறை கண்டிருக்கிறார் என்பதே என் கணிப்பு.

என்ன குறையாக இருக்கும்? வாராவாரம் சன்மானம் வாங்கும்போது வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதில் ‘இப்படைப்பின் எல்லா உரிமையும் பத்திரிகைக்கே’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பது வழக்கம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ன்படி உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று சொல்லவும் வேண்டும். காலம் சொல்லவில்லை என்றால் 19(5) அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் கடைசி வவுச்சர் 2018 டிசம்பர். காலம் குறிப்பிடாத வவுச்சர் என்றால் கடைசிப் பக்கத்தின் உரிமைகூட 2023 டிசம்பரில் உங்களிடம் திரும்பிவிட்டது. ஸ்டிக்கர் வந்ததோ 2024 மார்ச்சில். மேலும், மாற்றிக்கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை மாற்றம் காலாவதியாகும் என்கிறது 19(4), ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை.

ஆகவே வவுச்சர்களைத் தேடி எடுங்கள். ‘நிரந்தரமாக’, ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும்’ போன்ற சொல் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படி ஒரு சொல் இருந்தால் இந்த வாதம் படுத்துவிடும். நடுவில் ஒரு வருடம் வவுச்சர் வாசகத்தை மாற்றியிருக்கவும் கூடும். அதனால் முதல் வவுச்சரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அந்த ரோபோ முதன்முதலில் தலைகாட்டிய இதழின் வவுச்சர் மிக முக்கியம்.

‘ஊழியன் போல’ என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அதை எதிர்த்தரப்பு அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் ஊழியரா, சன்மானக்காரரா என்பதை உங்கள் 26ஏஎஸ் படிவம், அதாவது உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரிக் கணக்கு, ஓரளவு காட்டும். வரிப் பிடித்தம் வருமான வரிச் சட்டம் பிரிவு 192-ல் என்றால் சம்பளம், 194ஜே என்றால் தொழில்முறைக் கட்டணம். அந்த ஆண்டுகளில் வருடச் சன்மானம் 30,000 ரூபாயைத் தாண்டவில்லை என்றால் பிடித்தமே இருக்காது. அப்போது பிஎஃப் எண் இருந்ததா என்பதையும், வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஒரே தொகை வந்ததா, பக்கக் கணக்கில் வந்ததா என்பதையும் பாருங்கள்.

ஊழியர் என்றே ஆனாலும் எல்லாம் போய்விடாது. பத்திரிகை ஊழியர் பத்திரிகைக்காகச் செய்த படைப்புக்குப் பதிப்புரிமைச் சட்டம் 17(ஏ) தனி விதி வைத்திருக்கிறது. பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு மட்டுமே உரிமை முதலாளிக்கு. மற்ற எல்லா வகையிலும் முதல் உரிமையாளர் படைத்தவரே. ஸ்டிக்கரும் விளம்பரமும் பத்திரிகையில் வெளியிடுவது ஆகாது. வேலை நியமனக் கடிதத்தில் இதற்கு மாறாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் சிக்கல். மலையாள மனோரமாவுக்கும் ஓவியர் டாம்ஸுக்கும் இடையே ‘போபனும் மோளியும்’ பாத்திரங்கள் குறித்து நடந்த வழக்கில், வேலையை விட்ட பிறகு அவர் அவற்றை வரைவதைப் பத்திரிகை தடுக்க முடியாது என்று 1988-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தப் பாத்திரங்களை அவர் வேலையில் சேருவதற்கு முன்பே உருவாக்கியிருந்தார். உங்கள் ரோபோ தொடரின் நடுவில் பிறந்தவன். அந்தத் தீர்ப்பை அப்படியே நீட்டிப் பிடிக்க முடியாது.

இனி எச்சரிக்கை. நல்ல கேஸ் வைத்திருக்கும் கட்சிக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் இல்லை. வக்கீலிடம் வருவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் தாங்களே செய்துகொள்ளும் காரியங்களால்தான்.

முதல் ஆபத்து அந்தக் காசோலை. ‘கையெழுத்துப் போடவில்லை, பணம் மட்டும் எடுத்துக்கொண்டேன், எனக்குச் சேர வேண்டியதுதானே’ என்பார்கள். கடிதத்தோடு வந்த பணத்தை எடுத்துக்கொண்டால், அதன் நிபந்தனையை நடத்தையால் ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 8-ஐக் காட்டி வாதிடுவார்கள். அந்த வாதம் கடைசியில் தோற்கலாம். ஆனால் அதைத் தோற்கடிக்கவே இரண்டு வருடம் போய்விடும். காசோலைக்கு ஆயுள் 3 மாதம். காலாவதி ஆகட்டும் என்று அலமாரியில் வைத்திருக்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டு, ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றித் திருப்பி அனுப்புகிறேன்’ என்ற ஒரே வரியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பட்டுவாடாச் சான்றை எடுத்து வையுங்கள். அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் எழுத வேண்டாம். அவர்கள் அனுப்பிய கடிதத்தின் மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும். அது உங்கள் தரப்புச் சான்றாவணம்.

இரண்டாவது ஆபத்து உங்கள் போன். ‘சார், உங்க ரோபோவுக்கு என் பேரையாவது போடுங்க’ என்று இரவு பதினோரு மணிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் ‘உங்க’ என்ற ஒரு சொல் போதும், அதை ஒப்புதல் என்று தாக்கல் செய்வார்கள். முகநூலில் ‘திருடர்கள்’ என்று எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 356-ன் கீழ் அவதூறுப் புகார் வரும். அதன் பிறகு வாய்தாவுக்கு அலையப்போவது நீங்கள்தான்.

மூன்றாவது, அந்தத் தாலுகா ஆபீஸ் எழுத்தர். அவரைப் பற்றி இனி எங்கும் எழுதாதீர்கள், பேட்டியிலும் சொல்லாதீர்கள். உரிமை கேட்க அது தேவையே இல்லை. சொன்னீர்கள் என்றால், அடையாளம் தெரியும்படி ஒருவரைக் கேலி செய்ததாக உங்கள் மீதே இன்னொரு வழக்குக்கு வழிகாட்டியவர் ஆவீர்கள். எழுத்துவழி அவதூறுக்கு உரிமையியல் வழக்கு போடும் கெடு ஓராண்டுதான். ஆனால் புதிதாக வெளியிட்டால் கெடு புதிதாகத் தொடங்கும்.

நான்காவதுதான் மிகப் பெரியது: வசனம் எழுதியவர். சித்திரத் தொடரில் வரைந்த வடிவம் உங்களுடையது, எழுத்து அவருடையது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிவதால் கூட்டுப் படைப்பு என்று வாதிடுவதும் கடினம். ‘மனு கேட்கும் ரோபோ’ என்ற எண்ணத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நீங்கள் நோட்டீஸ் விட்ட மறுநாளே பத்திரிகை எழுத்தாளரிடம் உரிமை எழுதி வாங்கிக்கொண்டு, ரோபோவின் தலையை உருண்டையிலிருந்து சதுரமாக்கி, அதே வசனத்தோடு தொடர்ந்தால் உங்கள் கையில் பழைய ஸ்டிக்கர்கள் மட்டுமே மிஞ்சும். எனவே நோட்டீசுக்கு முன் அவரைப் பாருங்கள். வருமானத்தில் இருவருக்கும் என்ன பங்கு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ரோபோ முதலில் வந்த வாரத்துக்கு அவர் அனுப்பிய கதைப் பிரதி மின்னஞ்சலில் இருந்தால் தேடுங்கள். அதில் ரோபோ இல்லாமல், உங்கள் பென்சில் கோட்டில் மட்டும் இருந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி கிடைக்காது.

அவசரத்தில் போய்ப் பதிப்புரிமைப் பதிவுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை. வசனத்தையும் உங்களுடையது என்று எழுதிப் பதிவேட்டில் பொய்ப் பதிவு ஏற்றினால் பிரிவு 67-ன்படி ஓராண்டு வரை சிறை.

பெயர் போடாததும் கடன் செயலி விளம்பரமும் பிரிவு 57-க்குள், அதாவது படைத்தவரின் தார்மீக உரிமைக்குள், வரும். உரிமையை விற்றிருந்தாலும் இது உங்களோடு இருக்கும். அலுவலக அலட்சியத்தைக் கிண்டல் செய்யப் பிறந்த பாத்திரத்தைக் கடன் விற்க வைப்பது உங்கள் பெயருக்குக் களங்கம் என்று வாதிடலாம், வலுவாகவே. ஆனால் உங்கள் மனவருத்தம் போதாது. அந்த ரோபோவை உங்கள் படைப்பாக மக்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அன்றைய வாசகர் கடிதங்கள், பேட்டிகள் வேண்டும்.

ஒரு கோடி என்ற எண்ணை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய். ஒரு கோடிக்கு 3 லட்சம். வணிக வழக்கில் தோற்றவர் செலவுத்தொகையும் கட்ட வேண்டியிருக்கும். ஸ்டிக்கரால் அவர்களுக்கு வந்த வருமானமே அதில் சிறு பகுதி என்றால் நீதிபதி முதல் நாளிலேயே கேட்பார். காலக்கெடு, மீறல் நடந்த தேதியிலிருந்து 3 ஆண்டு. ஆக 2024 மார்ச் விற்பனைக்கான நஷ்டஈட்டுக்கு 2027 மார்ச்தான் எல்லை.

சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை, ஆனால் 25,000-க்கு அல்ல. வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ-ன்படி வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுச் செய்யுங்கள். அங்கே செலவிடும் காலம் கெடுவில் கழிக்கப்படும். அங்கு எழுதப்படும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு உண்டு, நீதிமன்றத் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம். ஆசிரியர் அறையில் காபி குடித்துக்கொண்டு எழுதும் காகிதத்துக்கு அது கிடையாது. உரிமையை மாற்றிக் கொடுக்காதீர்கள், உரிமம், அதாவது பயன்படுத்தும் அனுமதி, மட்டும் கொடுங்கள்: ஸ்டிக்கருக்கு மட்டும், 3 ஆண்டுக்கு மட்டும், வருமானத்தில் சதவீதத்தோடு. விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் உங்கள் முன் எழுத்துச் சம்மதம். ஒவ்வொரு ஸ்டிக்கர் தொகுப்பிலும் உங்கள் பெயர். நீங்களே அந்த ரோபோவை வைத்துப் புதிய தொடர் வரையலாம் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அதை மட்டும் எந்தத் தொகைக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.