கேள்வி பதில்: செங்கல் சுவரை இயந்திரம் வரையுமா?

கேள்வி: அகழாய்வுக் குழியில் 5 மீட்டர் நீளச் செங்கல் சுவர். மேலிருந்து எடுத்து அளவு திருத்திய படத்தை, படத்திலுள்ள பொருள்களின் எல்லையைத் தானே பிரித்துக் காட்டும் 'சாம்' என்ற செயற்கை நுண்ணறிவு மாடலிடம் கொடுத்தால், பல செங்கல்கள் ஒட்டிக்கொள்கின்றன. துண்டுக் கற்கள் காணாமலே போகின்றன. ஏன்?

பதில்: படத்தை முழுசாகக் கொடுத்திருப்பீர்கள். மெட்டா 2023இல் வெளியிட்ட சாம், எந்தப் படத்தையும் நீளப் பக்கம் 1024 பிக்சலாக மாற்றித்தான் பார்க்கும். பிக்சலுக்கு 1 மி.மீ. என்று நீங்கள் எடுத்த படம் அங்கே 5 மி.மீ. ஆகிவிடும். அரை செ.மீ. இடுக்கு ஒற்றைப் பிக்சலில் அடங்கினால் இரண்டு கல் ஒன்றாகத்தானே தெரியும்? தானியங்கி முறையில் அது பக்கத்துக்கு 32 புள்ளி வைத்துத் தேடும். உங்கள் சுவரில் அது 16 செ.மீ.க்கு ஒரு புள்ளி. துண்டுக் கல் நடுவில் நழுவிவிடும்.

படத்தை 1024 பிக்சல் சதுரங்களாக வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று 100, 200 பிக்சல் ஏறினால் போதும் என்பார்கள்; போதாது. கீழடிச் செங்கல் 38×23×6 செ.மீ. ஒவ்வொரு கல்லும் ஏதாவதொரு சதுரத்தில் முழுசாக விழ 400 பிக்சல் வேண்டும், சுவர் படத்தில் சாய்ந்திருந்தால் 450. சதுரத்தின் ஓரத்தைத் தொடும் வடிவங்களை நீக்குங்கள் (முழுப் படத்தின் வெளி ஓரத்தைத் தொடுபவை மட்டும் இருக்கட்டும்). பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று விழுபவற்றில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

வெயிலில் எடுத்த படமென்றால் நிழலையும் செங்கல் என்று வரைந்து தரும். மொத்தச் சுவருக்கும் துணி பிடித்து நிழலாக்கி எடுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்தால் மண்ணும் கல்லும் பிரிந்து தெரியும். ஆனால் திட்டுத்திட்டாகக் காயத் தொடங்கினால் பொய்க்கோடுகள் வரும், உடனே எடுத்துவிடுங்கள். கோடுகளின் நெளிவுகளைக் குறைத்து எளிமையாக்கும்போது, அசல் கோட்டிலிருந்து 3 மி.மீ.க்கு மேல் விலகிப் போகாதீர்கள். போனால் உடைந்த முனை நேராகி, உடைந்த கல் முழுக்கல்லாகப் பதிவாகிவிடும்.

கேள்வி: சுவரின் பக்கவாட்டுத் தோற்றத்தில், கையால் வரைந்ததோடு ஒப்பிட்டால் பொருத்தம் (பொதுப் பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்தது) 0.71தான். மாடலை மறுபடி பயிற்றுவிக்கவா?

பதில்: முதலில் இரண்டு வரைபடமும் ஒரே இடத்தில் உட்காருகிறதா பாருங்கள். 6 செ.மீ. தடிமன் கல் 1 செ.மீ. மேலே நகர்ந்தால் பொதுப் பரப்பு 5, மொத்தப் பரப்பு 7. ஐந்தின் கீழ் ஏழு, அதே 0.71. மாடல்மேல் பழி போட வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் கைவரைவை விட்டுவிடலாமா?

பதில்: செங்கல்லுக்குப் பெரும்பாலும் விடலாம். மண்ணடுக்கின் எல்லைக்குக் கூடாது. அதைக் கொத்துக்கரண்டி நுனியில் மண்ணின் இறுக்கம் பார்த்து முடிவு செய்கிறோம். படத்தில் அது இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் 'இயந்திரம்', 'திருத்தியது', 'குழியில் பார்த்தது' என்று குறிக்க அட்டவணையில் ஒரு பத்தி (column) வையுங்கள்.